வெளிநாட்டு வாடிக்கையாளர் கண்ணில் ஆடித் தள்ளுபடி, யுபிஐ கேஷ்பேக் படாமல் செய்வது எப்படி?

ஆம்பூர்_தோல்கடை:

வணக்கம். தோல் பெல்ட், பர்ஸ், ஆண்கள் ஷூ மூன்றையும் ஆம்பூரிலிருந்து சொந்தத் தளத்தில் விற்கிறோம். வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்தும் வூகாமர்ஸ், முன்னால் நின்று பக்கங்களை வாங்கிக் கொடுக்கும் கிளவுட்ஃப்ளேர், கூடவே ஒரு பேஜ் கேஷ் (பக்கத்தைச் சேமித்துவைத்துக் கொடுக்கும்) பிளக்இன். ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்), எல்யூடி (ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி) எல்லாம் சரியாக இருக்கிறது. ஜெர்மனி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, வளைகுடா பக்கமிருந்து ஆர்டர் வருகிறது.

ஹாம்பர்க்கில் உட்கார்ந்து தளத்தைத் திறப்பவருக்கும் மேலே "₹999-க்கு மேல் இலவச டெலிவரி", நடுவில் "யுபிஐயில் கட்டினால் ₹75 கேஷ்பேக்", ஷூ பக்கத்தில் "நோ காஸ்ட் இஎம்ஐ", அதன் கீழே "உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள்". ஒன்றுகூட அவருக்கு உதவாது. அதைவிட மோசம், இலவச டெலிவரி என்று நம்பி ₹2,400-க்குப் பொருள் போட்டு செக்அவுட் வரை போனால் அங்கே ஷிப்பிங் ₹1,900 என்று நிற்கிறது. அந்தப் பக்கத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். ஏமாற்றுகிறீர்களா என்று மெயில் எழுதுபவர்கள் மேல் தப்புச் சொல்லவும் முடியவில்லை.

ஐபியைப் பார்த்து நாட்டுக்கு நாடு பேனரை மாற்றும் பிளக்இன் போட்டாயிற்று. சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் தலைகீழ்: துபாயில் இந்திய பேனர், ஆம்பூரில் டாலர் பேனர். இது ஏன்? இந்தியாவுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று இரண்டு தளம் வைத்து, ஐபி பார்த்துத் தானாகத் திருப்பிவிடலாமா? அப்புறம், வெளிநாட்டுக்காரருக்கு நமக்குக் கட்டுபடியாகிற ஆஃபர் என்று எதைத்தான் கொடுப்பது?

காட்பாடி_கோட்:

தலைகீழாக வருவது பிளக்இன் குற்றமில்லை, கேஷ் குற்றம். பேஜ் கேஷ், முதலில் வந்தவருக்குத் தயாரான பக்கத்தை அப்படியே எடுத்துவைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுக்கும். காலையில் முதலில் திறந்தவர் ஆம்பூர்க்காரர் என்றால் துபாய்க்காரருக்கும் இந்திய பேனர்தான். கேஷ் காலாவதியாகி அடுத்துத் திறப்பவர் சிட்னிக்காரர் என்றால் அங்கிருந்து எல்லாருக்கும் டாலர். கிளவுட்ஃப்ளேர் தானாக எச்டிஎம்எல் பக்கங்களைக் கேஷ் செய்யாது. ஆனால் "கேஷ் எவ்ரிதிங்" என்று யாராவது ரூல் போட்டிருந்தால் அங்கேயும் இதே கதை நடக்கும். இரண்டு இடத்தையும் பாருங்கள்.

வூகாமர்ஸிலேயே இதற்கு ஒரு வழி உண்டு. செட்டிங்ஸ், ஜெனரல், டீஃபால்ட் கஸ்டமர் லொகேஷன் என்று போனால் "ஜியோலொகேட்" இரண்டு விதமாக இருக்கும். கேஷ் உள்ள தளத்துக்கு "வித் பேஜ் கேஷிங் சப்போர்ட்" என்பதைத்தான் எடுக்க வேண்டும். அது ஒவ்வொரு முகவரியின் வாலிலும் ஒரு சங்கேத எழுத்துத் தொகுதியை ஒட்டி, இடத்துக்கு ஏற்பப் பக்கத்தைத் தனியாகக் கொடுக்கும். வேலை செய்யும். ஆனால் முதல் பக்கம் ஒருமுறை ரீலோட் ஆகும், கேஷின் பலனும் குறையும். உங்களிடம் கிளவுட்ஃப்ளேர் இருப்பதால் இதைவிடச் சுத்தமான வழி இருக்கிறது.

எல்லாருக்கும் போகிற பக்கத்தில் எந்த ஆஃபரும் எழுதாதீர்கள். பேனர் இருக்கும் இடத்தை உயரம் மட்டும் குறித்து காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் பேனர் வந்து உட்காரும்போது பக்கம் முழுக்கக் கீழே குதிக்கும். பக்கம் திறந்த பிறகு ஒரு சின்ன ஸ்கிரிப்ட், உங்கள் டொமைனோடு சேர்த்து "/சிடிஎன்-சிஜிஐ/ட்ரேஸ்" (/cdn-cgi/trace) என்ற முகவரியைக் கேட்கட்டும். கிளவுட்ஃப்ளேர் வழியாகப் போகும் எந்தத் தளத்திலும் அது இருக்கும், தனிக் கட்டணம் இல்லை. பதிலில் "லாக்" (loc) என்ற வரியில் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு வரும். அதைப் பார்த்து உரிய பேனரைக் காட்டினால் போதும். குறியீடு தெரியாமல் வந்தால் பொது வாசகம் ஒன்று காட்டுங்கள், இந்திய ஆஃபரைக் காட்டாதீர்கள். தோராயமான ஊகத்தில் வாக்குறுதி கொடுக்கக் கூடாது.

இனி முக்கியமானது. பேனர் வெறும் எழுத்து. விதி வேறு இடத்தில் இருக்கிறது, அங்கே கை வைக்காமல் பேனரை மட்டும் மாற்றினால் செக்அவுட்டில் மறுபடி சண்டை வரும்.

இலவச டெலிவரி: ஷிப்பிங் சோன் (எந்த நாட்டுக்கு எந்த ஷிப்பிங் என்ற பிரிவு) பட்டியலில் "இந்தியா" சோனுக்குள் மட்டும் ஃப்ரீ ஷிப்பிங் முறையைச் சேர்த்து, குறைந்தபட்சத் தொகை 999 என்று போடுங்கள். சோன்களை வூகாமர்ஸ் மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். "உலகம் முழுக்க" என்று ஒரு சோனை மேலே வைத்துவிட்டால் கீழே இருக்கிற எதுவும் பலிக்காது. இன்னொன்று, இலவச ஷிப்பிங் கூப்பன் கொடுத்தாலும் அந்த நாட்டின் சோனில் ஃப்ரீ ஷிப்பிங் முறை இல்லை என்றால் கூப்பன் ஏற்கப்படும், ஷிப்பிங் மட்டும் குறையாது. வாடிக்கையாளர் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேஷ் ஆன் டெலிவரி: அதன் செட்டிங்கில் "எனேபிள் ஃபார் ஷிப்பிங் மெத்தட்ஸ்" என்று இருக்கும். இந்தியா சோனில் உள்ள முறைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோட் எதுவும் வேண்டாம்.

கூப்பன்: வூகாமர்ஸ் கூப்பனில் நாட்டுக் கட்டுப்பாடு பிறப்பிலேயே கிடையாது. பிளக்இன் போடலாம், அல்லது கூப்பன் செல்லுமா என்று சோதிக்கும் ஹுக்கில் (நம் கோடைச் செருகும் இடம்) டெலிவரி நாட்டைப் பார்க்கும் நாலு வரி எழுதலாம். மறுக்கும்போது காரணத்தையும் சொல்லுங்கள்: "இந்தக் கூப்பன் இந்திய டெலிவரிக்கு மட்டும்."

ஸ்டோர் நோட்டீஸ் என்கிற மேல்பட்டை எல்லா நாட்டுக்கும் ஒன்றேதான். ஆஃபரை அதில் போடுவதையே நிறுத்திவிடுங்கள்.

பின்கோடு பெட்டி, பத்து இலக்க மொபைல் எண், எஸ்எம்எஸ் ஓடிபி மூன்றும் இந்திய டெலிவரிக்கு மட்டும் தெரியட்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில், கத்தாரில் அஞ்சல் குறியீடு என்பதே இல்லை. அதைக் கட்டாயமாக்கினால் அங்கிருந்து ஆர்டரே போட முடியாது.

ராணிப்பேட்டை_ஏற்றுமதி:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எந்த ஆஃபர் கட்டுபடியாகும் என்பதைப் பெட்டியின் அளவிலிருந்து தொடங்கித்தான் கணக்குப் போட முடியும்.

விமானக் கொரியரில் எடைக்கும் காசு, இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வால்யூமெட்ரிக் எடை. அதுவும் தராசு எடையும், எது கூடுதலோ அதற்குத்தான் பில். 33 x 21 x 12 ஷூ பெட்டி 8,316 கன செ.மீ. வகுத்தால் 1.66 கிலோ. தராசில் 1.2 கிலோதான் காட்டும், ஆனாலும் அரைக் கிலோ படிகளில் மேலே ஏற்றி 2 கிலோவுக்குப் பில் வரும். அதனால் ஷூவுக்கு "வெளிநாட்டுக்கு இலவச ஷிப்பிங்" என்பதை நினைக்கவே வேண்டாம், விலையில் ஏற்றி மறைத்தாலொழிய.

பெல்ட் கதை வேறு. பக்கிளோடு ஒரு பெல்ட் ஏறத்தாழ 200 கிராம். சுருட்டி 12 x 12 x 10 பெட்டியில் இரண்டு வைத்தால் வால்யூமெட்ரிக் எடை 0.29 கிலோ. மெல்லிய அட்டைப்பெட்டியாக இருந்தால் தராசு எடையும் அரைக் கிலோவுக்குள் அடங்கும். ஒரு பெல்ட் அனுப்பினாலும் இரண்டு அனுப்பினாலும் கொரியருக்கு ஒரே படி. "இரண்டாவது பெல்ட்டுக்குக் கூடுதல் ஷிப்பிங் இல்லை" என்று எழுதுங்கள். அதுதான் வெளிநாட்டுக்காரருக்கு உண்மையான ஆஃபர், உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. உங்கள் பக்கிள் கனமானது என்றால் மட்டும் முதலில் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பெல்ட்டும் பர்ஸும் சேர்த்தும் இதே கணக்கைப் போடலாம்.

அடுத்தது ஜிஎஸ்டி. எல்யூடியில் அனுப்பும் ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். தளத்தில் இருப்பதோ வரி சேர்ந்த இந்திய விலை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி ₹2,500 வரையிலான செருப்பு, ஷூவுக்கு 5%, அதற்கு மேல் 18%. ₹4,720 என்று போட்டிருக்கும் ஷூவில் ₹720 வரி. ஜெர்மனிக்காரரிடம் அதை வாங்க வேண்டியதே இல்லை. வூகாமர்ஸில் விலையை "வரி உட்பட" என்று உள்ளிட்டு, வரி அட்டவணையில் இந்தியாவுக்கு மட்டும் விகிதம் போட்டிருந்தால், டெலிவரி நாடு மாறியதும் அதுவே ₹4,000-ஆகக் குறைத்துக் காட்டும். அட்டவணையில் நாட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் உலகத்துக்கே ஜிஎஸ்டி போட்டுவிடும், அதைப் பாருங்கள்.

"எம்ஆர்பியில் 40% தள்ளுபடி" என்ற வாசகத்தையும் வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எம்ஆர்பி நம் நாட்டுப் பாக்கெட் பொருள் சட்டம் கேட்கிற விலை. ஜெர்மனிக்காரருக்கு அது ஒன்றும் சொல்லாது.

சுங்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. "800 டாலருக்குள் அமெரிக்காவில் வரி இல்லை" என்று இன்னும் பல தளங்களில் பேனர் தொங்குகிறது. அந்தச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பொருளுக்கும் நிறுத்திவிட்டார்கள். வரி விகிதமும் அடிக்கடி மாறுகிறது, எனவே பேனரில் சதவீதம் எழுதாதீர்கள். "வரி சேர்த்தே கட்டிவிட்டோம்" அல்லது "வரியை நீங்கள் கட்ட வேண்டும்", இரண்டில் எது உண்மையோ அதை எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல் எவ்வளவு சின்ன பார்சலுக்கும் வாட் உண்டு. 150 யூரோ வரையிலான பார்சலுக்கு ஐஓஎஸ்எஸ் (அந்த வாட்டை விற்பவரே கட்டும் திட்டம்) பதிவு இருந்தால் நீங்களே வசூலித்துக் கட்டலாம். இல்லாவிட்டால் வாங்குபவரிடம் வாசலில் வாட்டோடு கையாளும் கட்டணமும் சேர்த்துக் கேட்பார்கள், உங்கள் 10% தள்ளுபடி அங்கேயே கரைந்துவிடும். போதாததற்கு 2024 டிசம்பர் 13 முதல் பொதுப் பொருள் பாதுகாப்பு விதிப்படி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் தேவை. அது இன்னும் தயாராகவில்லை என்றால் அந்த நாடுகளுக்கு ஆஃபரே காட்டாதீர்கள், விற்பனை நாட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ஆம்பூர்_தோல்கடை:

இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு பெல்ட் கணக்கு இதுவரை யோசிக்காத விஷயம். இன்னொரு குழப்பம். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் பிள்ளை, பேர்ணாம்பட்டில் இருக்கும் அப்பாவுக்கு ஷூ அனுப்புகிறார். ஐபி அமீரகம், டெலிவரி இங்கே. வெளிநாட்டு ஆஃபரா, நம்மூர் ஆஃபரா? அதேபோல் சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்கதேசத்துக்காரர்கள் வேலூர் லாட்ஜ் முகவரிக்கு ஆர்டர் போடுகிறார்கள். அவர்களுக்கும் வெளிநாட்டு பேனர்தான் தெரிகிறதாம், வேலூரிலேயே இருந்தும்.

காட்பாடி_கோட்:

வேலூரில் இருந்தும் அப்படித் தெரிவதற்குக் காரணம் ரோமிங். ரோமிங்கில் இருக்கும் சிம்மின் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகத்தான் இணையத்துக்குப் போகிறது. தோட்டப்பாளையத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஐபி வங்கதேசம் என்றே சொல்லும். லாட்ஜ் வைஃபைக்கு மாறினால் இந்தியா ஆகிவிடும். ஒரே ஆள், ஒரே போன், இரண்டு பேனர்.

ஆக, ஐபி முதல் ஊகத்துக்கு மட்டும். ஆஃபரைத் தீர்மானிக்க வேண்டியது பார்சல் போகிற நாடு. பக்கத்தின் மேலே "டெலிவரி: இந்தியா, மாற்ற" என்று ஒரு பெட்டி எப்போதும் தெரியட்டும். அவர் தேர்ந்தெடுத்ததைக் குக்கீயில் வைத்து, அதற்குப் பிறகு ஐபியைக் கேட்கவே கேட்காதீர்கள். செக்அவுட்டில் முகவரி மாறினால் குக்கீயும் மாற வேண்டும். இந்த ஒன்றைச் செய்தால் ஷார்ஜா பிள்ளைக்கு ₹999 இலவச டெலிவரி முறையாகக் கிடைக்கும். கிடைக்கவும் வேண்டும், பார்சல் பேர்ணாம்பட்டுக்குத்தானே போகிறது.

பணம் கட்டும் ஆஃபர் மட்டும் தனி. அது பார்சலைப் பொறுத்தது இல்லை, கார்டையும் கணக்கையும் பொறுத்தது. இஎம்ஐ, வங்கிச் சலுகை எல்லாம் கார்டின் முதல் 6 அல்லது 8 இலக்கத்தைப் பார்த்து கேட்வே (பணம் வாங்கித்தரும் சேவை) முடிவு செய்யும். அதனால் அதைப் பேனரில் போடாமல் பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் காட்டுங்கள். யுபிஐயை அமீரக ஐபி என்பதற்காக மறைக்காதீர்கள். என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்குகள்) கணக்கோடு அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் உட்பட 10 நாட்டு மொபைல் எண்களை யுபிஐயில் சேர்க்க 2023 ஜனவரியில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ வழிவிட்டது. பேபால் வைத்திருந்தால், 2021 ஏப்ரல் 1 முதல் அது இந்தியாவுக்குள் நடக்கும் விற்பனைக்கு இல்லை. வெளிநாட்டுக்காரரிடமிருந்து டாலர், யூரோ போன்ற நாணயத்தில் வாங்க மட்டும்தான், ரூபாயில் பில் போட்டால் நிற்காது.

கேஷ் ஆன் டெலிவரிக்கு ஒரு திருத்தம்: பில்லிங் நாடு வேறு, டெலிவரி நாடு இந்தியா என்றால் அதை மறைத்துவிடுங்கள். பரிசு வாங்குகிற அப்பா வாசலில் காசு எண்ணிக் கொடுக்கும்படி ஆகக் கூடாது.

குடியாத்தம்_லுங்கி:

தளத்தைச் சரிசெய்த பிறகும் விளம்பரமும் மெயிலும் பழைய மாதிரியே போய்க்கொண்டிருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கூகுள் ஆட்ஸ் கேம்பெயினில் லொகேஷன் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் "பிரசென்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்" என்று இருப்பதுதான் டீஃபால்ட். இந்தியா என்று குறித்திருந்தாலும், இந்தியா மேல் ஆர்வம் காட்டுகிற வெளிநாட்டுக்காரருக்கும் விளம்பரம் போகும் என்று அர்த்தம். ஆம்பூர் ஷூ என்று லண்டனில் இருந்து தேடுபவர் கண்ணில் ஆடித் தள்ளுபடி படுவது இப்படித்தான். "பிரசென்ஸ்" என்று மாற்றுங்கள். என்ஆர்ஐ பரிசு ஆர்டருக்கு வேண்டுமானால் தனி கேம்பெயின், தனி வாசகம்.

மெயில் பட்டியலை மெயில் திறந்த இடத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். 2021-இல் ஆப்பிள் மெயில் பிரைவசி வசதி வந்த பிறகு ஐபோன்காரர்களின் இடம் நம்பும்படி இல்லை. கடைசி ஆர்டரின் டெலிவரி நாட்டை வைத்துப் பிரியுங்கள். இதுவரை ஆர்டர் போடாதவர்களுக்கு விலை, தேதி இல்லாத பொது மெயில் போதும்.

"இன்று நள்ளிரவு வரை" என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. நம் நள்ளிரவு அடிக்கும்போது நியூயார்க்கில் கோடையில் மதியம் 2:30, குளிர்காலத்தில் 1:30. அன்றைய மாலை வேலை முடிந்து வருபவர் ஆஃபர் செத்துப்போயிருப்பதைத்தான் பார்ப்பார். அந்தந்த நாட்டு நேரத்தில் முடியுங்கள், முடியாவிட்டால் நம் நேரத்தில் இன்னும் 12 மணி நேரம் தள்ளி முடியுங்கள்.

காலண்டரும் அப்படியே. அன்னையர் தினம் நமக்கும் அமெரிக்காவுக்கும் மே இரண்டாம் ஞாயிறு, இங்கிலாந்தில் ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு. ஆஸ்திரேலியாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், பூட்ஸ் விற்க வேண்டிய நேரம் அதுதான். ஆடி, பொங்கல் ஆஃபரை சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குத் தாராளமாகக் காட்டலாம். அங்கே அது பொருத்தமில்லாத ஆஃபரே இல்லை.

மேல்விஷாரம்_வெப்:

இரண்டு தளம் வைத்துத் தானாகத் திருப்பிவிடும் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. செய்யாதீர்கள். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபியில் இருந்துதான் வருகிறது. திருப்பிவிட்டால் அது உங்கள் வெளிநாட்டுத் தளத்தை மட்டுமே பார்த்துவிட்டுப் போகும், இந்தியப் பக்கங்கள் தேடலில் காணாமல் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/302 விதியும் வாடிக்கையாளரின் சம்மதம் கேட்காமல் வேறு நாட்டுப் பதிப்புக்குத் தள்ளுவதைத் தடை செய்கிறது. அந்த நாட்டவருக்கு விற்கும் வெளியார் கடைகளுக்கும் அது பொருந்தும். "நீங்கள் ஜெர்மனியிலிருந்து பார்ப்பதுபோல் தெரிகிறது, மாறட்டுமா?" என்று ஒரு பட்டை காட்டிக் கேளுங்கள், அதோடு நிறுத்துங்கள். பதிப்புகளைத் தனி முகவரியில் வைத்தால் எச்ரெஃப்லேங் (எந்த நாட்டுக்கு எந்தப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும்) குறியீடு இருபக்கமும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். பிரிட்டனுக்கு ஜிபி என்று எழுத வேண்டும், யூகே என்று எழுதினால் எடுக்காது.

ஐரோப்பியருக்குத் தள்ளுபடி காட்டும்போது அடித்துக் காட்டும் பழைய விலை, முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையாக இருக்க வேண்டும். 2022 மே 28 முதல் அங்கே இது நடைமுறை. நம்மூர் வழக்கப்படி விலையை ஏற்றி அடித்துக் காட்டினால் அபராதம் வரை போகும். திருப்பி அனுப்ப அங்குள்ளவருக்கு 14 நாள் உரிமையும் உண்டு. திரும்பிவரும் செலவு யாருடையது என்று வாங்கும் முன்பே எழுதியிருந்தால் அவர் கட்டுவார், எழுதாவிட்டால் உங்கள் தலையில்தான்.

ஆம்பூர்_தோல்கடை:

புரிந்தது, ஒரே தளமாகவே வைத்துக்கொள்கிறோம். மாற்றியதை ஆம்பூரில் இருந்தே எப்படிச் சோதிப்பது? குரோம் டெவலப்பர் டூல்ஸின் சென்சார்ஸ் பக்கத்தில் இடத்தை பெர்லின் என்று மாற்றிப் பார்த்தேன், பேனர் மாறவில்லை.

காட்பாடி_கோட்:

அது ஜிபிஎஸ் இடத்தை மட்டும் மாற்றும், ஐபி அப்படியே ஆம்பூர்தான். விபிஎன்னில் பெர்லினைத் தேர்ந்தெடுத்து, இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்கள். பழைய குக்கீ இருந்தால் முடிவு தப்பாக வரும். அட்மினாக லாகின் செய்த ஜன்னலிலும் பார்க்காதீர்கள், லாகின் ஆனவர்களுக்குப் பெரும்பாலான கேஷ் பிளக்இன்கள் கேஷ் பக்கத்தைக் கொடுப்பதில்லை.

வரிசை இது: கேஷை முழுக்க அழித்துவிட்டு முதலில் ஆம்பூர் ஐபியில் முகப்பைத் திறங்கள், பிறகு பெர்லினில் இருந்து அதே பக்கத்தைத் திறங்கள். உடனே முறையை மாற்றி, கேஷை அழித்து, பெர்லின் முதலில், ஆம்பூர் பிறகு. இரண்டு முறையும் சரியான பேனர் வந்தால் கேஷ் சிக்கல் தீர்ந்தது. அப்புறம் பெர்லினில் இருந்தபடியே டெலிவரியை இந்தியா என்று மாற்றி, ₹1,000-க்கு மேல் பொருள் போட்டு, டெலிவரிக்குப் பேர்ணாம்பட்டு முகவரி, பில்லிங்குக்கு வெளிநாட்டு முகவரி என்று செக்அவுட் வரை போங்கள். ஷிப்பிங் பூஜ்யம், ஜிஎஸ்டி சேர்ந்த விலை, கேஷ் ஆன் டெலிவரி இல்லை, யுபிஐ இருக்கிறது என்று நான்கும் வர வேண்டும். வராத ஒன்று எது என்று இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.